மண்டபத்துக்கு இரண்டு கடல்

பெட்டியின் முதுகில் இரண்டு துளைகள்.
ஒரே அளவு, ஒரே பச்சை விளக்கு, பெயர் கிடையாது.
செய்தவன் மண்டபம் பார்க்காதவன்.
இங்கே ரோட்டைக் குறுக்கே கடந்தால் கடல் மாறிவிடும்:
தெற்கே கச்சான் பேயாடும் நாளில்
வடக்கே தொட்டித் தண்ணீராய்க் கிடக்கும்.
எது எதுவென்று தெரியாமல் யாரும் படகு தள்ளுவதில்லை.

கைப்பையில் நகப்பூச்சு இருந்தது.
முதல் துளைக்கு ஒரு சிவப்புப் பொட்டு.
அது ஊரைப் பார்ப்பது:
ராமநாதபுரம் ஆபீஸ், அங்கிருந்து சென்னை.
அதற்கு அசையாத எண் ஒன்றை எழுதினேன்,
வெளியே போகும் வழியையும்.
இரண்டாவது கடலைப் பார்ப்பது.
அதற்கு வழி எழுதக் கூடாது.
முன்பு வந்தவன் இரண்டுக்கும் எழுதிவிட்டுப் போயிருந்தான்;
மூன்று வாரமாகப் படகுகளின் சேதி
பாதி சென்னைக்குப் போனது,
பாதி எங்கே போனதென்று
ஜெட்டிக் காவலர் அருளப்பனுக்கும் தெரியவில்லை.

இனி டி.எச்.சி.பி.
கரை நெருங்கியதும் படகிலுள்ள கருவி
யார் பெயரும் சொல்லாமல் கூவும்:
"யாராச்சும் இருக்கீங்களா?"
பெட்டி சொல்லும்: "இந்தா, அறுபத்தி மூணு."
"அதையே வெச்சுக்கிறேன்."
"சரி, எழுதிக்கிட்டேன்."
நான்கே பேச்சு.
ஏலக்கூடத்தில்கூட இவ்வளவு சுருக்கமாய்
ஒரு கூடை நண்டு கைமாறிப் பார்த்ததில்லை.

விடிகாலை நாலரைக்கு முதல் படகுகள் வந்தன.
பதினேழு கருவிகள் எண் வாங்கின,
ஒன்றுகூட நான் கொடுத்த எண் இல்லை.

கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன்.
ஸ்விட்சிலிருந்து ஒரு நீல வால்
ஜன்னல் கம்பி வழியே இறங்கி,
ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து,
கலிபுல்லாவின் டீக்கடையில்
பிஸ்கட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்த ரூட்டருக்குள் நுழைந்தது.
"மேட்ச் பாக்கத்தான்மா" என்றார்.
"படகெல்லாம் இதுகிட்ட எண் வாங்கிருச்சு."
"கேட்டவனுக்குக் குடுத்திருக்கு. அது ஒரு தப்பா?"
தப்பில்லை.
முதலில் பதில் சொன்னவன் பின்னால் போவதுதான்
கருவிக்குத் தெரிந்த ஒரே விசுவாசம்.
பிடுங்கினேன். ஸ்கோர் பாதியில் நின்றது.
டீயில் அன்று சர்க்கரை குறைவு.

மீதி ஒரே ஒரு கட்டம்:
குத்தகைக் காலம், நொடிகளில்.
கடலுக்குப் போன ஒருவனின் எண்ணை
எவ்வளவு நேரம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது?
ஒரு ராத்திரித் தொழிலுக்கு ஒரு நாள் போதும்,
எண்பத்தாறாயிரத்து நானூறு.
காற்று திரும்பினால் இரண்டு நாள்.
இரண்டு நாள் என்று போட்டேன்.

திரைக்கு முன்னால் வந்து நின்றார் நம்புச்செல்வம்.
லுங்கியில் மீன்வாடை இல்லை.
"எம் படகு எண்பத்தி எட்டுல இருந்துச்சு.
இப்ப வேற யாரோ இருக்கான்."
எங்கே உங்கள் படகு என்று கேட்டேன்.
"மயிலிட்டியில. அந்தப் பக்கம்.
எங்கள விட்டுட்டான். படக விடல."
எத்தனை நாளாக?
அவர் நாளில் சொல்லவில்லை.
"தடைக்காலத்துக்கு முந்தி" என்றார்.
அதை நொடியாக்க நான் முயலவில்லை.

எண்பத்தி எட்டில் இருந்த படகை
நூற்றி இரண்டுக்கு நகர்த்தினேன்; அதற்கு ஒன்றும் நோகாது.
பழைய பதிவேட்டில்
நம்புச்செல்வத்தின் கருவியின் வன்பொருள் எண்,
பன்னிரண்டு எழுத்து, அப்படியே இருந்தது.
ஒதுக்கீடு என்ற பட்டியலில் தட்டினேன்.
இது குத்தகை இல்லை. காலாவதி கிடையாது.
இருநூறு பேர் வந்து கூவினாலும்
பெட்டி இதை எடுத்து நீட்டாது.
குறிப்பு என்ற கட்டத்துக்கு
என்ன எழுதுவதென்று தெரியாமல்
"வரும்" என்று தட்டிவிட்டு, அழித்துவிட்டு,
படகின் பதிவெண்ணை மட்டும் போட்டேன்.

"அது கூப்பிட்டா உடனே கெடைக்குமா?"
கூப்பிட்டால்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பச்சை வரிசைகளுக்கு நடுவே ஒரு சாம்பல் வரிசை.
வடக்குப் பக்கம் இன்னொரு படகு கத்தியது.
பெட்டி பதில் சொன்னது: நூற்றி மூன்று.